முதல் பேய் சேர்த்துவைத்த சொத்து

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ‘தி கான்ஜுரிங்: லாஸ்ட் ரைட்ஸ்’ படத்தின் வசூலைப் பற்றிச் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தேன். 2025 செப்டம்பரில் வெளியான அந்தப் படம், பன்னிரண்டு ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் அந்தத் தொடரில் வேறெந்தப் படமும் ஈட்டாத தொகையாக, உலக அளவில் 490 மில்லியன் டாலருக்கு மேல் ஈட்டியிருக்கிறது என்பதும், பேய்ப்படத் தொடர்ச்சிகள் பொதுவாக அவ்வாறு வளர்வதில்லை என்பதுமே அக்குறிப்பின் சாரம். அதற்கு வந்த கடிதங்களைப் படித்தபோது, தென்னாப்பிரிக்காவில் உள்ள நம் மக்கள் இந்த விஷயத்தை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். ஆகவே இம்முறை வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளாமல், பகுதி முழுவதையும் இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்குகிறேன்.

கேள்வி (ஓர் இல்லத்தரசி, சாட்ஸ்வொர்த்): பிள்ளைகள் விடாப்பிடியாகக் கேட்பதால் பேய்ப்படங்களின் இரண்டாம் பாகங்களையெல்லாம் அரங்கிலேயே பார்த்துவிடுகிறோம். முதல் பாகத்தில் இருந்த பயத்தில் பாதிகூட இல்லை என்று காரில் திரும்பும்போதே பேசிக்கொள்கிறோம். ஆனால் திங்கட்கிழமை செய்தியில் அந்தப் படம் இத்தனை மில்லியன் வசூலித்தது என்று வருகிறது. பிடிக்காத படம் எப்படி ஐயா வசூலிக்கிறது?

பதில்: அம்மா, விடையில் பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நீங்கள் பணம் கொடுத்தது படத்தைப் பார்ப்பதற்கு முன்பு. அது பிடிக்கவில்லை என்று சொன்னது பார்த்த பின்பு. ஒரு தொடர்ச்சிப் படத்துக்கு முதல் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களில் வருகிற கூட்டம், முந்தைய படத்தின் நினைவில் வருகிற கூட்டம். முதல் படம் சேர்த்துவைத்த சொத்தை எடுத்துத்தான் இரண்டாம் படம் அந்த மூன்று நாள்களைக் கொண்டாடுகிறது. அது தன் சொந்தக் காலில் நிற்கிற படமா என்பது இரண்டாம் வாரத்தில் தெரியத் தொடங்கும். முழுமையாகத் தெரிய வேண்டுமானால் அதற்கடுத்த பாகம் வெளியாகும் நாள்வரை காத்திருக்க வேண்டும்.

டர்பன் கடற்கரையோரம் உள்ள அரங்கொன்றில் இதை நான் கண்ணெதிரே கண்டிருக்கிறேன். ஒரு தொடர்ச்சிப் படம் வெளியான வெள்ளிக்கிழமை இரவு என் தங்கை மகளோடு போயிருந்தேன். விளம்பரங்கள் முடிவதற்குள்ளாகவே முன்வரிசைப் பெண்கள் ஜெர்சியைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பயப்படுவதற்குத் தயாராகவே வந்திருந்தார்கள். படத்தின் நடுப்பகுதியில் ஜெர்சிகள் மெல்லக் கீழிறங்கின. கடைசி அரைமணி நேரத்தில் ஆங்காங்கே கைப்பேசி வெளிச்சம் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அதே காட்சிக்கு, அந்தப் படத்தைப் பற்றி எழுதுவதற்காக நான் மறுபடியும் போனபோது, என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் இருந்தோம். திங்கட்கிழமைச் செய்தியில் நீங்கள் படிக்கும் எண் அந்த முதல் வெள்ளியின் எண். இரண்டாம் வெள்ளியின் எண்ணை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

எண்களும் இதையே சொல்கின்றன. 2018-இல் வெளியான ‘தி நன்’ உலக அளவில் ஏறத்தாழ 366 மில்லியன் டாலர் வசூலித்தது. ஆனால் அமெரிக்காவில் அரங்கைவிட்டு வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் கேட்டு வாங்கும் ‘சினிமாஸ்கோர்’ என்ற நிறுவனத்தின் கணிப்பில் அதற்கு ‘சி’தான் கிடைத்தது. அந்த மனக்குறைக்கு விலை கொடுத்தது 2023-இல் வந்த இரண்டாம் பாகம். அதன் வசூல் 270 மில்லியனைத் தொடாமல் நின்றுவிட்டது. இதைவிட மனத்தை வருத்தும் எடுத்துக்காட்டு ‘வீஜா’. 2014-இல் வந்த முதல் படம் விமர்சகர்களிடம் வாங்காத வசையில்லை. ஆயினும் 100 மில்லியனைத் தாண்டியது. 2016-இல் மைக் ஃபிளனகன் இயக்கிய ‘வீஜா: ஆரிஜின் ஆஃப் ஈவில்’ எல்லா வகையிலும் மேலான படம், பாராட்டும் பெற்றது, ஆனால் 82 மில்லியனோடு முடிந்தது. நல்ல படம் எடுத்தவர், தமக்கு முன்னால் வந்தவர் வைத்துவிட்டுப் போன கடனை அடைத்தார் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

‘ஹாலோவீன்’ தொடரின் புதிய மூன்று படங்களையும் ஒருசேரப் பாருங்கள். 2018-இல் வந்தது 250 மில்லியனுக்கு மேல். 2021-இல் வந்தது ஏறத்தாழ அதில் பாதி. 2022-இல் வந்தது 100 மில்லியனைச் சற்றே தாண்டியது. அந்த மூன்றாம் படம் அமெரிக்காவில் முதல் மூன்று நாள்களில் 40 மில்லியன் ஈட்டி, அடுத்த வார இறுதியில் 8 மில்லியனுக்கு இறங்கியது. ஐந்தில் நான்கு பங்குக் கூட்டம் ஒரே வாரத்தில் மறைந்துபோயிற்று.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், டோங்காட்): முப்பது மில்லியனில் எடுத்த படம் நூறு மில்லியன் வசூலித்தால் எழுபது மில்லியன் லாபம் என்று என் பேரன் வாதிடுகிறான். கணக்கு சரிதானா?

பதில்: சரியன்று, ஐயா. டிக்கெட்டுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் ஏறத்தாழப் பாதியை அரங்கு வைத்துக்கொள்கிறது. நாட்டுக்கு நாடு இது கூடும், குறையும். எஞ்சியது விநியோகஸ்தர் வழியாகத் தயாரிப்பாளருக்குப் போகிறது. தயாரிப்புச் செலவு என்று நாம் படிக்கும் தொகையில் விளம்பரச் செலவு சேர்வதில்லை. சிறிய பேய்ப்படங்களுக்கு விளம்பரச் செலவு தயாரிப்புச் செலவையே மிஞ்சிவிடுவதும் உண்டு. ஆகவே, செலவைப்போல் இரண்டரை மடங்கு மொத்த வசூல் வந்தால்தான் அரங்குகளிலிருந்து போட்ட முதல் தேறியது என்பது தொழிலில் இருப்பவர்கள் மனத்தில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பேரன் சொல்லும் படத்துக்கு லாபம் உண்டு, ஆனால் எழுபது மில்லியன் அன்று.

பேய்ப்படங்களுக்கு இத்தனை தொடர்ச்சிகள் ஏன் வருகின்றன என்பதற்கும் இந்தக் கணக்கில்தான் விடை இருக்கிறது. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ ஒரு வீட்டுக்குள், ஏறத்தாழ 15,000 டாலரில் எடுக்கப்பட்டு, 190 மில்லியனுக்கு மேல் ஈட்டியது. ‘சா’ முதல் படத்துக்கு 1.2 மில்லியன், ‘இன்சிடியஸ்’ முதல் படத்துக்கு 1.5 மில்லியன் ஆயின. இரண்டும் 100 மில்லியன் அளவுக்குப் போயின. இவ்வளவு சிறிய முதலீட்டில் தொடங்கும் தொழிலில், இரண்டாம் பாகத்தின் வசூல் பாதியாகக் குறைந்தாலும் நட்டம் வருவதில்லை. அதனால்தான் மக்கள் அலுத்துப்போன பிறகும் ஐந்தாம் பாகம், ஆறாம் பாகம் என்று வந்துகொண்டே இருக்கின்றன.

ஆனால் வெற்றி பெற்றவர்களுக்குச் செலவு செய்யும் துணிவு வந்துவிடுகிறது. ‘இட்’ முதல் பாகம் 40 மில்லியனுக்குள் எடுக்கப்பட்டு 700 மில்லியன் ஈட்டியது; 2019-இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு அதைப்போல் இருமடங்கு செலவு, நீளம் 2 மணி 49 நிமிடம், வசூலோ 473 மில்லியன். அப்போதும் பெரிய லாபம்தான், மறுக்கவில்லை. 1973-இல் வந்த ‘எக்ஸார்சிஸ்ட்’ கதைதான் வேறு. அதன் பெயரில் மூன்று படங்கள் எடுக்கும் உரிமைக்கு 400 மில்லியன் டாலர் கொடுக்கப்பட்டதாக 2021-இல் செய்தி வந்தது. 2023-இல் வந்த முதல் படம், ‘பிலீவர்’, 30 மில்லியனில் எடுக்கப்பட்டு 137 மில்லியன் வசூலித்தது. உங்கள் பேரனின் கணக்குப்படி அது வெற்றிப்படம். ஆனால் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள், இயக்குநர் விலகினார், 2025 ஏப்ரலுக்குக் குறித்திருந்த அடுத்த பாகம் வெளியீட்டுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. கூட்டம் வந்தது, நம்பிக்கை போயிற்று. தயாரிப்பாளர்கள் வசூல் தாளைப் பார்த்து ஏமாறவில்லை என்பதை இதில் கவனிக்க வேண்டும்.

கேள்வி (கல்லூரி மாணவர், ஃபீனிக்ஸ்): முதல் படத்தை மிஞ்சிய தொடர்ச்சிகளும் இருக்கின்றனவே? அவற்றின் ரகசியம் என்ன?

பதில்: இருக்கின்றன, தம்பி. ‘இன்சிடியஸ்’ இரண்டாம் பாகம் 2013-இல் 160 மில்லியனைத் தொட்டு முதல் படத்தை மிஞ்சியது. ‘சா’ இரண்டாம் பாகமும் அப்படியே. ‘அனபெல்’ முதல் படம் 257 மில்லியன், 2017-இல் வந்த ‘அனபெல்: கிரியேஷன்’ 306 மில்லியன். இந்தக் கடைசி எடுத்துக்காட்டு நான் மேலே சாட்ஸ்வொர்த் அம்மையாருக்குச் சொன்ன கருத்துக்கு மாறாகப் போகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் ‘அனபெல்’ அவ்வளவாகப் பாராட்டப்பட்ட படமன்று. அங்கே மக்கள் அந்தப் படத்தை மறந்து பொம்மையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பொம்மை முதலில் தலைகாட்டிய ‘கான்ஜுரிங்’ படங்களின்மீது அப்போது இருந்த மதிப்பும் அதற்குத் துணை நின்றது.

ரகசியம் என்று கேட்டீர்கள். பேய்ப்படம் பார்க்கிறவன் கேட்பது ஒரே ஒரு நியாயம்: பேய்க்கு விதித்த விதியை மாற்றாதே. பேய் எங்கே வரும், எதைக் கண்டால் விலகும், யாரைத் தொடாது என்பதையெல்லாம் முதல் படத்தில் அவன் பயந்து பயந்து கற்றுக்கொண்டிருக்கிறான். அந்தப் படிப்பை வீணாக்கிவிட்டால் அவனுக்குக் கோபம் வரும். அதே சமயம், அதே கதவு அதே நேரத்தில் அதே ஓசையோடு திறந்தால் அவன் கொட்டாவி விடுவான். விதி பழையதாகவும் வழி புதியதாகவும் இருக்க வேண்டும்.

2025-இல் வந்த ‘ஃபைனல் டெஸ்டினேஷன்: பிளட்லைன்ஸ்’ இதை எவ்வளவு அழகாகச் செய்தது என்று பாருங்கள். அந்தத் தொடரில் பேயே கிடையாது. விபத்தொன்றிலிருந்து தப்பியவர்களைச் சாவு ஒவ்வொருவராகத் தேடி வருகிறது, அவ்வளவுதான் விதி. திரையில் ஒரு கண்ணாடிக் கோப்பை, ஒரு மின்விசிறி, ஒரு நாணயம் காட்டப்பட்டால் போதும், அரங்கமே அதைவிட்டுக் கண்ணை எடுக்காது. பதினான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்த புதிய படம் அந்த விதியில் கைவைக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோபுரத்தில் நடக்கவிருந்த பெருவிபத்தைத் தடுத்துவிட்ட ஒரு பாட்டியையும், அவள் அன்று பிழைத்ததால் மட்டுமே பிறந்த பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காட்டி, கணக்கு வம்சத்தையே தொடரும் என்று விரித்தது. முன்னோர் கணக்கு பேரனைத் தேடி வரும் என்பது நம் ஆயாக்கள் சொல்லிச் சொல்லி நமக்குள் ஊறிய எண்ணம் அல்லவா? உலகம் முழுவதற்கும் அது புரிந்தது. முந்தைய படம் ஏறத்தாழ 157 மில்லியன். இது 300 மில்லியனைக் கடந்தது.

இதற்கு நேரெதிர் ‘மேகன்’. 2023-இல் வந்த முதல் படத்தில், பேசும் பொம்மையொன்று ஒரு சிறுமியைப் பாதுகாக்கிறேன் என்று கொலைகாரியாக மாறுகிறது. 12 மில்லியனில் எடுத்த படம் 180 மில்லியன் அளவுக்கு ஈட்டியது. 2025 ஜூனில் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தப் பொம்மை நல்லவளாகி, இன்னொரு இயந்திரப் பெண்ணோடு சண்டை போடுகிறாள். பயப்பட வந்தவர்களுக்குச் சண்டைப்படம் பரிமாறப்பட்டது. முதல் படம் அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 30 மில்லியன். இரண்டாவது 10 மில்லியன். உலகம் முழுவதும் 40 மில்லியனைக்கூட எட்டவில்லை. வகையை மாற்றியது தவறு என்று தயாரிப்பாளர் ஜேசன் பிளம் பின்னர் பேட்டியில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் பேய்ப்படத் தொடர்ச்சிகளைக் கெடுப்பதில் முதலிடம் விளக்கத்துக்குத்தான். பேயின் ஜாதகத்தை வாசிக்க வாசிக்கப் பயம் குறைந்துகொண்டே போகும். இருட்டிலிருந்து இரண்டு கைகள் நீண்டு தட்டினால் முதுகு சில்லிடுகிறது. அந்தக் கைகளுக்கு உரியவள் எந்த ஊரில் பிறந்தாள், யாரால் கெட்டாள் என்று அடுத்த படத்தில் முக்கால் மணி நேரம் சொன்னால் இரக்கம்தான் வருகிறது.

கேள்வி (வாசகர், லெனேஷியா): தமிழில் மட்டும் பேயின் முன்கதை இல்லாவிட்டால் படமே இல்லை. ‘சந்திரமுகி’ இரண்டாம் பாகம் ஏன் விழுந்தது, ‘அரண்மனை’ நான்காம் பாகம் ஏன் எழுந்தது?

பதில்: நான் மிகவும் விரும்பிப் படித்த கேள்வி இது. நம் பேய் பெரும்பாலும் அநியாயமாகக் கொல்லப்பட்டவள். அவளுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றுதான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். முதல் பாதியில் பயம், இடையில் சிரிப்பு, பின்பாதியில் கண்ணீர், முடிவில் கோயில். குடும்பம் முழுவதும் சேர்ந்து பார்க்கிற படம் என்பதால் தாத்தாவுக்கும் ஐந்து வயதுப் பேத்திக்கும் அதில் ஒவ்வொரு பங்கு இருக்க வேண்டும். அதனால் தமிழில் ‘2’, ‘3’, ‘4’ என்னும் எண்கள் கதைத் தொடர்ச்சியைக் குறிப்பதில்லை. அதே கடையில் அதே கைப்பக்குவம் கிடைக்கும் என்ற உறுதியைக் குறிக்கின்றன. 2007-இல் ‘முனி’ வந்தது, அதன் இரண்டாவதாக 2011-இல் வந்த ‘காஞ்சனா’ அதைப் பன்மடங்கு மிஞ்சியது, கதையில் தொடர்பில்லை. ஆனால் இருட்டுக்குப் பயந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கும் அந்த ஆண்பிள்ளையும், அவனைத் திட்டிக்கொண்டே காக்கும் கோவை சரளாவும் இருந்தார்கள். அவர்கள் இருந்தால் மக்களுக்குப் போதும்.

‘அரண்மனை’ 2014-இல் தொடங்கியது. மூன்றாம் பாகம் சோர்ந்துபோனது. 2024 மே மாதம் வந்த நான்காம் பாகம், தமிழ்த் திரையுலகம் அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் வசூலின்றி வாடிக்கொண்டிருந்த நேரத்தில், உலக அளவில் நூறு கோடி ரூபாயைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. அதில் தாய் ஒருத்தி இறந்த பின்னும் தன் பிள்ளையைக் காக்கிறாள். சாட்ஸ்வொர்த்தில் என் பெரியம்மா வீட்டில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எழுபதைக் கடந்த பெரியம்மா முதல் ஒரு மணி நேரம் பூத்தொடுத்துக்கொண்டே பார்த்தார். பேய் வந்தபோதுகூட விரல்கள் நிற்கவில்லை. முடிவில் அம்மன் திருவிழாப் பாட்டு வந்ததும் நாரைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக் கும்பிட்டார். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அவர் முகத்தில் இருக்கும் அதே பாவம். அந்தக் கும்பிடுதான் அந்தத் தொடரின் மூலதனம். இயக்குநர் சுந்தர் சி அதை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை.

‘சந்திரமுகி’க்கு வருவோம். 2005 ஏப்ரல் 14 அன்று வெளியாகி, சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாள்களைக் கடந்து ஓடிய படம் அது. 1993-இல் வந்த ‘மணிச்சித்திரதாழ்’ என்ற மலையாளப் படத்திலிருந்து பிறந்தது. அதன் அடித்தளம் என்ன? அந்த மாளிகையில் பேயே இல்லை. கங்கா என்ற பெண்ணின் மனம், தான் கேட்ட ஒரு கதைக்குள் புகுந்து சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான். ஜோதிகா ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்குகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். அங்கே எந்த உருவமும் மாறுவதில்லை, முகத்தில் சாயம் பூசவில்லை. கண் விரிகிறது, குரல் மாறுகிறது, எதிரே நிற்கும் கணவன் முகத்தில் இரத்தம் வற்றுகிறது. நேற்றுவரை நமக்குக் காபி கொடுத்தவள் இவள் என்பதே அங்கே பயம். 2023 செப்டம்பரில், அதே பி. வாசு இயக்கிய இரண்டாம் பாகத்தில் உண்மையான ஆவிகள் வந்து புகுந்தன. ஆவி வந்தவுடன் கங்காவின் நோய்க்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது. மாளிகை இருந்தது, ராஜநாகம் இருந்தது, பாட்டும் இருந்தது. பதினெட்டு ஆண்டுகள் நாம் நெஞ்சில் வைத்திருந்த அந்த விதி மட்டும் மாறிவிட்டது. ரஜினிகாந்த் இல்லாததால் விழுந்தது என்று பலர் சொல்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகத் தெரிவது இதுவே.

கதையை உண்மையாகவே தொடர்ந்து எடுத்து வென்ற தமிழ்ப் படம் ‘டிமான்ட்டி காலனி’. 2015-இல் முதல் பாகம், ஒன்பது ஆண்டு கழித்து 2024 ஆகஸ்ட் 15 அன்று இரண்டாம் பாகம். அன்றே ‘தங்கலான்’ என்ற பெரிய படமும் வந்தது, இருந்தும் நின்று ஓடியது. அதே நாளில்தான் இந்தியில் ‘ஸ்த்ரீ’ இரண்டாம் பாகமும் வெளியாகி, 800 கோடி ரூபாய்க்கு மேல் குவித்தது. சிரிப்பும் பேயும் ஊர்ப்பெண்களின் நியாயமும் கலந்த அந்தப் படம், நம் பெரியம்மா கேட்கிற அதே பங்கீட்டைத்தான் இந்தியில் பரிமாறியது.

கேள்வி (வாசகி, இசிபிங்கோ): ஆங்கிலப் பேய்ப்படங்கள் ஏன் எல்லாம் அக்டோபரிலேயே வருகின்றன? நமக்கு அது தீபாவளி நேரம் ஆயிற்றே.

பதில்: அக்டோபர் 31 அமெரிக்கர்களின் பேய்த் திருநாள். வடக்கே அது இலை உதிரும் இருட்டுக் காலம். இங்கே நமக்கு வசந்தம், ஜகரண்டா பூக்கும் மாதம். ‘சா’ படங்கள் 2004 முதல் 2010 வரை ஏழு ஆண்டுகள் தவறாமல் அக்டோபரில் வந்தன. ஆனால் அந்த வழக்கம் தளர்ந்துவிட்டது. ‘இட்’ 2017-இல் செப்டம்பரில் வந்து வென்ற பிறகு, பெரிய பேய்ப்படங்கள் செப்டம்பருக்கே நகர்ந்தன. ‘ஃபைனல் டெஸ்டினேஷன்’ மே மாதத்தில் வந்தது.

நீங்கள் சொன்ன மோதல் 2024-இல் முழுமையாகவே நடந்தது. அந்த ஆண்டு தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது. மறுநாள் இந்தியில் வெளியான தீபாவளிப் படங்களில் ஒன்று ‘பூல் புலையா’ மூன்றாம் பாகம். அதுவும் பேய்ப்படத் தொடர்ச்சி. அதன் முதல் பாகமும் ‘மணிச்சித்திரதாழ்’ வழி வந்ததுதான். விளக்கேற்றிய கையோடு நம் குடும்பங்கள் பேய் பார்க்கப் போயின.

கேள்வி (ஓர் ஆயா, மெரிபேங்க்): பன்னிரண்டு வயதுப் பேரன் அழைக்கிறான். கூட்டிப் போகலாமா?

பதில்: நம் நாட்டின் திரைப்பட, வெளியீட்டு வாரியம் ஒவ்வொரு படத்துக்கும் வயது எண்ணும், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு எழுத்தும் கொடுக்கிறது, திகிலுக்கு ‘எச்’. 13, 16, 18 என்று இருந்தால் பேரன் காத்திருக்கட்டும். முதல் பாகத்துக்குப் போனோமே என்று இரண்டாம் பாகத்துக்கும் அப்படியே போய்விடாதீர்கள், ஆயா; ஒவ்வொரு பாகத்துக்கும் மதிப்பீடு தனித்தனி, தொடர்ச்சிகளில் இரத்தம் கூடுவதே வழக்கம்.

கேள்வி (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்): 2013-இல் வந்த படத்தின் வசூலையும் 2023-இல் வந்த படத்தின் வசூலையும் டாலரில் ஒப்பிடுவது நியாயமா?

பதில்: முழு நியாயமன்று. நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் ஒரு டாலருக்குப் பத்து ரேண்டுக்கும் சற்றுக் குறைவு. 2023-இல் பதினெட்டு ரேண்டுக்கும் மேல். நூறு ரேண்டு டிக்கெட் அன்று பத்து டாலருக்கு மேலாகக் கணக்கில் ஏறியது. 2023-இல் ஐந்தரை டாலராகவே ஏறியது. டர்பனில் அதே எண்ணிக்கை மக்கள் வந்திருந்தாலும், உலக வசூல் பட்டியலில் நாம் பாதியாகிவிடுகிறோம். மறுபுறம் அமெரிக்காவில் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது. 1973-இல் ‘எக்ஸார்சிஸ்ட்’ வந்தபோது அங்கே சராசரி டிக்கெட் இரண்டு டாலருக்கும் குறைவு. அந்த விலையிலேயே அது முதல் வெளியீட்டில், அமெரிக்காவில் மட்டும், 190 மில்லியனைத் தொட்டது. ஐம்பது ஆண்டு கழித்து, டிக்கெட் பத்து டாலரைத் தாண்டிய காலத்தில், ‘பிலீவர்’ உலகம் முழுவதும் திரட்டியது 137 மில்லியன். தலைகளை எண்ணினால் இடைவெளி எவ்வளவு பெரிதென்று தெரியும். பிரான்சில் படங்களின் வெற்றியை விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கையால் அளக்கிறார்கள். அந்த முறையே மேலானது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (வாசகி, வெருலம்): சில வாரங்களில் வீட்டுக்கே வந்துவிடும் படத்துக்கு அரங்கில் ஏன் இவ்வளவு செலவழிக்க வேண்டும் என்று என் மகன் கேட்கிறான். பேய்ப்படத்துக்கு அரங்கு தேவைதானா?

பதில்: வசூல் தரும் விடை ஒருவிதம். 2021-இல் ‘கான்ஜுரிங்’ மூன்றாம் பாகம் அமெரிக்காவில் அரங்கிலும் வீட்டுத்திரையிலும் ஒரே நாளில் வந்தது. முந்தைய பாகம் 320 மில்லியன் ஈட்டியிருக்க, அது 206 மில்லியனோடு நின்றது. பெருந்தொற்றும் அதற்குக் காரணம். அதே கோடையில், 2020 மார்ச்சில் வரவேண்டிய ‘எ கொயட் பிளேஸ்’ இரண்டாம் பாகத்தை ஓராண்டுக்கு மேல் நிறுத்திவைத்து, முதலில் அரங்குகளுக்கு மட்டுமே கொடுத்தார்கள். அதே பெருந்தொற்றுக்கு நடுவே அது 297 மில்லியன் ஈட்டியது.

என் அனுபவம் தரும் விடையையும் சொல்கிறேன். அந்தப் படத்தை டர்பனில், முகக்கவசத்தோடு, இருக்கை விட்டு இருக்கையில் அமர்ந்து பார்த்தோம். ஓசை எழுப்பினால் கொல்லும் உயிர்கள் உலவும் கதை. எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒருவர் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து முதல் பிடியை எடுத்திருந்தார். திரையில் அமைதி விழுந்ததும் அந்தக் கை வாய்க்குப் போகாமல் நின்றது. சட்டென மெல்வதற்கே அவருக்குக் கூச்சம்; பொட்டலத்தை மடியில் வைத்து, சத்தம் வராமல் இரு கைகளாலும் மூடிக்கொண்டார். படம் முடியும்வரை அதை அவர் திறக்கவில்லை. கண்ணை மூடினால் பேய் போய்விடும் என்று நினைக்கிறோம். உண்மையில் பயம் காது வழியாகவே வருகிறது. வீட்டில் குளிர்பெட்டி உறுமும், அடுத்த வீட்டு நாய் குரைக்கும், கைப்பேசி கூப்பிடும்.

ஆகவே மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: முந்தைய பாகம் பிடிக்காமல் போயிருந்தால் அடுத்ததற்கு வீட்டிலேயே காத்திருக்கலாம், பிடித்திருந்தால் முதல் வெள்ளியன்று ஓட வேண்டாம், இரண்டாம் வாரத்திலும் காட்சிகள் குறையாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அரைக்கட்டணச் சலுகை உள்ள ஒரு செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சிக்கு டிக்கெட் எடுக்கட்டும்.